இரத்மலானைப் பக்கம் ஒரு சனிக்கிழமை: கையால் விமானம் கட்டுற ஆக்களைச் சந்திச்சுப் போட்டு வந்தன்

#1 கடற்கரையான் (வெள்ளவத்தை)

போன சனிக்கிழமை அத்திடியவில ஒரு பட்டறைக்குப் போனனான். கிட், அதாவது பாகங்களாப் பெட்டியில வாறதை வாங்கித் தாங்களே கையால கட்டுற சின்ன விமானங்களில விருப்பமுள்ள ஆக்கள் அங்க மாசத்தில ஒருக்கா கூடுகினம். வேலையிடத்து நண்பர் ஒருத்தர்தான் கூட்டிக்கொண்டு போனவர். எங்கட ஆக்கள் கனபேருக்கு இப்பிடி ஒண்டு நடக்கிறதே தெரியாது, அதால விரிவா எழுதுறன்.

காலி வீதியில 101 பஸ் எடுத்து இரத்மலானையில இறங்கி, அங்கயிருந்து ஓட்டோ. ஒழுங்கைக்குள்ள திரும்பேக்கயே தலைக்கு மேலால ஒரு சின்னச் செஸ்னா விமானம் தரையிறங்கிக்கொண்டு போச்சு. பட்டறை எண்டால் பெரிசா ஒண்டும் நினைக்காதேங்கோ. முந்தி வாகனத் தகரவேலை நடந்த ஒரு நீளக் கொட்டில். உள்ள போனதும் முதல்ல கண்ணில பட்டது சுவரோட சாத்தியிருந்த ரெண்டு செட்டை. வர்ணம் இல்லை, வெறும் அலுமினியம், யன்னல் வெளிச்சத்தில வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுங்கிச்சு. நடுவில மரத்தாங்கியில பாதி முடிஞ்ச உடல். ஸெனித் சிஎச் 750. ரெண்டு பேர் பக்கத்தில பக்கத்தில இருக்கிற, செட்டை மேல உள்ள விமானம். செட்டையின்ர முன் விளிம்பில நிரந்தரமா ஒரு ஸ்லாட், அதாவது காற்றுப் போற இடைவெளி இருக்கு. அதாலதான் குறுகின ஓடுபாதையில, மெதுவான வேகத்திலயும் கிளம்பும். அமெரிக்காவில மிசூரி மாநிலத்தில மெக்ஸிக்கோ எண்டொரு ஊரில இந்தக் கிட்டைச் செய்யினம்.

இருபத்தைஞ்சு பேர் மட்டில வந்திருந்தினம். பட்டறைக்காரர் இளைப்பாறின விமானப் பராமரிப்புப் பொறியியலாளர், சிங்கள ஐயா, எழுபது வயசு தாண்டியிருக்கும். எங்களைக் கண்டதும் தமிழில "வாங்கோ, உள்ளுக்க வாங்கோ" எண்டார். யாழ்ப்பாணத்தில கொஞ்சக்காலம் வேலை செய்தவராம். மாலுபாணும் பிளேன்ரீயும் தந்து முடிச்சதும், புதுசா வந்த ஒவ்வொருத்தர் கையிலயும் ரெண்டு அலுமினியத் துண்டைக் குடுத்தார். பேச்சு எல்லாம் பிறகுதானாம்.

வேலை இதுதான். ரெண்டு தகட்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சுத் துளை போடவேணும். கழட்டி, துளை ஓரத்துப் பிசிறை ரெண்டு பக்கமும் எடுக்கவேணும். திரும்பப் பொருத்தி கிளீக்கோ குத்தவேணும். கிளீக்கோ எண்டது ரிவெட் (தகடுகளைச் சேர்த்து இறுக்கிற ஆணி) போடும்வரைக்கும் தகடு அசையாமல் பிடிக்கிற ஒரு சின்ன ஸ்பிரிங் ஊசி. செப்பு நிறம் எண்டால் எட்டில ஒரு அங்குலத் துளைக்கு, கறுப்பு 5/32க்கு. நிறத்தைப் பாத்தே அளவு தெரியும். கடைசியா ரிவெட். ரிவெட் இழுக்கிற துப்பாக்கியின்ர மூக்கில ஒரு சின்னக் குழி இருக்கு. தட்டைத் தலையா இருக்கிற ரிவெட், அதின்ர நடு ஊசி இழுபடேக்க அந்தக் குழிக்குள்ள குவிஞ்சு வடிவா உருண்டு வரும்.

என்ர மூண்டாவது ரிவெட் சரிஞ்சு போச்சு. "பரவாயில்லை" எண்டு சொல்லுவார் எண்டு நினைச்சன். சொல்லேல்ல. கழட்டச் சொன்னார். தலையின்ர நடுவில துளைச்சு, தகட்டுத் துளை பெருக்காமல், பின்பக்கத்தால தட்டி எடுக்கோணும். அந்த ஒண்டுக்கு இருபது நிமிசம் போச்சு. பிறகு அவர் சொன்னதை என்னால மறக்க ஏலாது: "இந்த விமானத்தில ஆயிரக்கணக்கில இப்பிடி இருக்கு. உன்ர மகன் பக்கத்து சீற்றில இருக்கேக்க எந்த ரிவெட்டைப் பற்றி நீ யோசிக்க விரும்புவாய்?"

அதோட எனக்கு இது ஒரு பணக்கார விளையாட்டு எண்ட எண்ணம் போச்சு. நான் வங்கியில வேலை. பதினாறு வருசமா நான் செய்த ஒரு வேலையையும் தொட்டுப் பாக்க ஏலாது. அண்டைக்குப் பின்னேரம் ரெண்டு தகட்டுத் துண்டைப் பொக்கெற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வீட்ட வந்தன்.

இஞ்ச வேற ஆரும் இதில ஈடுபட்டிருக்கிறியளோ? கேள்வி இருந்தாலும் கேளுங்கோ, அடுத்த மாசம் போகேக்க விசாரிச்சு எழுதுறன்.

#2 கொட்டாஞ்சேனை லேத்

அண்ணே, சூப்பர். எங்கட அப்பா பஞ்சிகாவத்தைக்குப் பக்கத்துல லேத் பட்டறை வச்சிருந்தவர், நான் அங்கதான் வளர்ந்தேன். ஒரு கேள்வி. நம்ம ஊர்ல கிடைக்கிற அலுமினியத் தகட்டுல பார்ட்ஸ் அடிச்சுக்கலாமா? இல்லாட்டி எல்லாமே கொன்டெய்னர்லதான் வரணுமா?

#3 நேரே பேசுபவன்

மனசு நோகச் சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் யாராவது சொல்லத்தான் வேண்டும். 2022 இல் பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்ற நாடு இது. கொட்டிலில் கட்டின விமானத்தில் ஏறி ஒருவர் இறந்தால் அவருடைய பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? அதுவும் இரத்மலானையைச் சுற்றி எவ்வளவு வீடுகள். விழுந்தால் கூரையில்தான் விழும். ஆசை வேறு, பொறுப்பு வேறு.

#4 பழைய ஹங்கர்

இரண்டு பேருக்கும் பதில் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தேன், இப்போது ஓய்வு.

தம்பி லேத், உங்கள் கைத்திறன் அங்கே பொன். ஆனால் கடைத் தகட்டில் கை வைக்க வேண்டாம். சிஎச் 750 இல் பெரும்பகுதி 6061-டீ6 என்ற கலப்புலோகம். கடைசியில் வரும் டீ6 என்பது வெப்பப் பதப்படுத்தலைக் குறிக்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தகட்டில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு வலுவாக இருக்கும். எந்தத் தொகுதியில் உருவானது என்ற சான்றிதழ் இல்லாத உலோகம் விமானத்துக்குள் போகக் கூடாது. தாங்கிகள், வளைக்கும் அச்சுகள், செட்டையைத் திருப்பும் சட்டகம் எல்லாவற்றையும் நீங்கள் இங்கேயே செய்து கொடுக்கலாம். அதுவே பெரிய வேலை.

கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு 6061 ஒரு வரம். 2024 என்ற கலப்புலோகம் அதைவிட வலுவானது, ஆனால் உப்புக் காற்றில் அரிப்புக்கு விரைவில் இடம் கொடுக்கும். எதுவாக இருந்தாலும் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடங்களில் எபொக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசாமல் ரிவெட் போடாதீர்கள். வெள்ளவத்தையில் யன்னல் கம்பிக்கு என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

'நேரே பேசுபவன்', உங்கள் பயம் நியாயமானது, அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். வரலாறும் உங்கள் பக்கம் கொஞ்சம் பேசும். 1930களில் பிரான்சின் ஆன்றி மின்யே 'பறக்கும் தெள்ளு' என்று பெயர்பெற்ற ஒரு சிறு விமானத்தை வடிவமைத்தார். பெட்டி அடிக்கத் தெரிந்தவன் இதைக் கட்டலாம் என்ற நம்பிக்கையில் ஐரோப்பா முழுக்கக் கட்டினார்கள். குனிந்து இறங்கும்போது முன் செட்டையும் பின் செட்டையும் ஒன்றின் காற்றை மற்றது குழப்பியதால் மூக்கைத் தூக்க முடியாமல் போய்ப் பலர் இறந்தார்கள். பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்த விலை கொடுத்துக் கற்ற பாடம்தான் இன்றைய கிட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் சோதனைகள்.

இன்றைய நிலை: அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி 2012 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. எஞ்சின் நிற்பதும், பறக்கையில் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் முன்னணிக் காரணங்கள். ரிவெட் கழன்று செட்டை பறப்பது அல்ல. விபத்துகள் கூடுதலாக நடப்பது புது விமானத்தின் முதல் பறப்புகளில். கட்டியவரிடமிருந்து வாங்கினவரின் முதல் பறப்புகளிலும் அப்படியே. ஆகவே ஆபத்து எந்த நேரத்தில் வரும் என்று நமக்குத் தெரியும். அங்கே புது விமானத்தை முதல் 25 அல்லது 40 மணித்தியாலம் குறித்த பகுதிக்குள், பயணி இல்லாமல் பறந்து சோதிக்க வேண்டும் என்ற நடைமுறை அதற்காகத்தான். அந்தச் சோதனைக் காலத்தில் அனுபவமுள்ள இரண்டாவது விமானியும் ஏறலாம் என்று 2014 இலிருந்து அனுமதிக்கிறார்கள். நம் நாட்டில் கட்டுபவர் முதல் பெட்டியை உடைக்க முன்பே சிவில் விமானசேவை அதிகாரசபையுடன் பேசிவிட வேண்டும், கட்டி முடித்த பிறகு அல்ல.

கொழும்புக்கென்று இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே நம்பினால் இங்கே மாட்டுவோம்.

ஒன்று வெப்பம். கையேட்டில் உள்ள கிளம்பும் தூரம் 15 பாகைக்கு எழுதியது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் விமானம் சுமார் 120 அடி உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். நம் 32 பாகை மத்தியானத்தில், கடல் மட்டத்தில் நின்றுகொண்டே, அது 2000 அடி மலையில் நிற்பதாக உணரும். செட்டைக்கும் எஞ்சினுக்கும் முன்னால் சுழலும் உந்துவிசிறிக்கும் காற்று மெலிந்து போகும். நுவரெலியாவுக்கு ஏறத் தேவையில்லை, இரத்மலானையிலேயே மலை இருக்கிறது.

மற்றது ஈரம். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில் பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை இருபது பாகைக்கு மேலும் விழலாம். வெளியே 25 பாகை, மழை பெய்து ஓய்ந்த காலை. உள்ளே பனிக்கட்டி. எஞ்சினைக் குறைத்து இறங்கும் நேரத்தில்தான் அது பிடிக்கும். குளிர் நாட்டு நோய் என்று இதை நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர். கொழும்பு அதற்கு நல்ல விளைநிலம்.

#5 நேரே பேசுபவன்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி ஐயா. பனிக்கட்டி விஷயம் எனக்குப் புதிது. வீடுகளுக்கு மேலால் சோதனைப் பறப்பு நடக்கக் கூடாது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

#6 பழைய ஹங்கர்

அதில் நானும் உங்களுடன்தான். கடல் பக்கம் கிளம்பிக் கடலுக்கு மேலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெரிசல் இல்லாத ஓர் ஓடுபாதைக்குக் கழற்றிக் கொண்டுபோய்ப் பொருத்திப் பறக்க வேண்டும். இந்த வகையில் செட்டை கழற்றலாம்.

#7 ரொறன்ரோ மாமா

கடற்கரையான் தம்பி, உம்மட பதிவை வாசிச்சிட்டு ரெண்டு நாளாய் இதே நினைப்பு. நான் பம்பலப்பிட்டியில பிறந்தனான், இப்ப முப்பது வருசமாய் இங்க. ஓஷ்கோஷுக்கு நாலு தரம் போய் வந்திட்டன். தெரியாத ஆக்களுக்கு: விஸ்கொன்சின் மாநிலத்தில ஒரு சின்ன நகரம். வருசாவருசம் யூலைக் கடைசியில ஒரு கிழமைக்கு உலகத்திலயே ஆகப்பெரிய வீட்டு விமானக்காரர் கூட்டம் அங்கதான். போல் பொபெரெஸ்னி எண்டவர் 1953இல மில்வோக்கியில தொடங்கின சங்கம்தான் அதை நடத்துது. 1970இல இருந்து ஓஷ்கோஷில நடக்குது. இப்ப ஆறு லட்சத்துக்கு மேல சனம் வருது, சுற்றுவட்டார ஓடுபாதைகளையும் சேர்த்துப் பத்தாயிரம் விமானம் மட்டில வந்து இறங்கும்.

அந்த இறங்கலைப் பாக்கோணும். ரிப்பன் எண்ட ஊரில இருந்து ஃபிஸ்க் எண்ட ஊர் மட்டும் ஒரு ரயில் பாதை ஓடுது. விமானங்கள் அதைப் பிடிச்சு, ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய் வருங்கள். ஃபிஸ்கில நிக்கிற கட்டுப்பாட்டாளர் தொலைநோக்கியால பாத்து, நிறத்தையும் செட்டையையும் சொல்லிக் கூப்பிடுவார். விமானி மறுமொழி சொல்லக் கூடாது, செட்டையை ஆட்டிக் காட்டவேணும். ஓடுபாதையில பெரிய நிறப் புள்ளிகள் போட்டிருக்கு. பச்சையில நீ, செம்மஞ்சளில அவர் எண்டு ஒரே பாதையில கொஞ்ச நேரத்தில ரெண்டு மூண்டு பேரை இறக்குவினம். கரையோர ரயில் பாதையில வளர்ந்த எனக்கு, வெள்ளவத்தை ஸ்ரேசனைத் தாண்டித் தெகிவளைக்கு விமானங்கள் வரிசையாய் வாற மாதிரித்தான் இருந்தது.

உம்மட ரிவெட் கதைக்கு ஒண்டு சொல்லுறன். 2014இல அங்க வந்த சனத்தைக் கொண்டே ஒரு கிழமையில ஒரு விமானத்தைக் கட்டினவை. அதுவும் ஸெனித் சிஎச் 750தான், குரூஸர் எண்ட வகை. ஆரும் வரிசையில நிண்டு ஒரு ரிவெட் இழுக்கலாம். நானும் இழுத்தனான். எனக்கு முன்னால ஒரு ஆறு வயசுப் பிள்ளை, தகப்பன் தூக்கிப் பிடிக்க, ரெண்டு கையாலயும் அமத்தி இழுத்தது. அந்தப் பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுக்க ஞாபகம் இருக்கும்.

ஆனா அந்த ஆறு லட்சத்தைவிட உம்மட இருபத்தைஞ்சு பேர் பெரிசு எண்டு நினைக்கிறன். ஓஷ்கோஷில சரிஞ்ச ரிவெட்டைப் பின்னால வாற ஆள் திருத்திப் போடுவார். உமக்கு உம்மட கையாலயே கழட்டத் தந்திருக்கினம்.

#8 தெகிவளை அம்மா

வணக்கம். நான் இந்தத் தளத்தில் வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகள் உயர்தரம் கணிதப் பிரிவு, வருகிற வருடம் பரீட்சை. விமானம் என்றால் உயிர். மொறட்டுவைப் பல்கலைக்கழகம்தான் அவள் குறி. பெண்பிள்ளை போனால் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்களா? ரியூசன் நேரத்தை விட்டுப் போகிற அளவுக்கு இதில் படிப்பு இருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

#9 கடற்கரையான்

அக்கா, ரெண்டு பெண்பிள்ளையள் வந்திருந்தினம். ஒராள் விமானப் பராமரிப்பு படிக்கிறா, ரிவெட் துப்பாக்கி கூடுதலா அவவின்ர கையிலதான் இருந்தது.

படிப்பு இருக்கோ எண்டு கேட்டனீங்கள். வெண்பலகையில போட்ட ஒரு கணக்கை அப்பிடியே தாறன், மகளிட்டக் குடுங்கோ. மூண்டு சில்லு விமானம், மூண்டு தராசில நிக்குது. மூக்குச் சில்லு 78 கிலோ, இடது 136, வலது 138. மூக்குச் சில்லு பின் சில்லுகளுக்கு ஒண்டரை மீற்றர் முன்னால. ஈர்ப்பு மையம் எங்க? மொத்தம் 352. எழுபத்தெட்டை ஒண்டரையால பெருக்கினால் 117. அதை 352ஆல பிரிச்சால் பின் சில்லுகளுக்கு 33 சென்ரிமீற்றர் முன்னால. பிறகு ஐயா கேட்டார், வாலில ரெண்டு கிலோ வர்ணம் கூடப் பூசினால் என்ன ஆகும் எண்டு. ஒருத்தரும் உடன சொல்லேல்ல. மையம் பின்னுக்குப் போகும், அளவு தாண்டிப் போனால் வேகம் குறைஞ்சு தொய்யிற நேரத்தில மூக்கைக் கீழ கொண்டுவர ஏலாமல் போகும். பாடப் புத்தகத்தில திருப்புதிறன் எண்டு படிக்கிறது, நிறையைத் தூரத்தால பெருக்கின இந்தக் கணக்குத்தான்.

மொறட்டுவை எண்டதால இதையும் சொல்லுங்கோ. அங்க 2002இல இருந்து 2007 வரைக்கும் வேந்தரா இருந்த ரே விஜேவர்தன தானே வடிவமைச்சுக் கட்டின இலகு விமானங்களில பறந்தவர். இருசில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கின அதே மனிசன். 1968 மெக்ஸிக்கோ ஒலிம்பிக்கில பாய்மரப் படகும் ஓட்டினவர். பட்டறைச் சுவரில அவற்ற படம் ஒண்டு தொங்குது.

#10 கொட்டாஞ்சேனை லேத்

எஞ்சின் என்ன போடுறாங்க அண்ணே? பெற்றோல் எது?

#11 பழைய ஹங்கர்

பெரும்பாலும் ரோட்டக்ஸ் 912, ஒஸ்திரியத் தயாரிப்பு. 80 குதிரைவலு ஒன்று, 100 குதிரைவலு ஒன்று. நம் நிரப்பு நிலையப் பெற்றோலிலேயே ஓடும். 80க்குக் குறைந்தது 90 ஒக்டேன், ஆகவே நம் 92 போதும். 100க்கு 95 கட்டாயம், அதில் காசு மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். உருளைத்தலை நீரால் குளிரும், உருளை காற்றால் குளிரும். எண்ணெய் பார்க்க முன் எரியூட்டல் நிறுத்தியிருப்பதை இரு தடவை உறுதி செய்துவிட்டு, உந்துவிசிறியை ஓடும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். எண்ணெய்த் தாங்கிக்குள் 'கொளக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கு முன் எண்ணெய் அளக்கும் கோலைப் பார்த்தால் அளவு பொய் சொல்லும்.

#12 ஒன்பது வயசு

பெயர் வேண்டாம்.

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்தே வாசித்துவருகிறேன். 1983 ஆடிக் கலவரத்தின்போது எனக்கு ஒன்பது வயது. தெகிவளை வீடு எரிந்த அன்று இரவு ஒரு சிங்களக் குடும்பம் எங்களை வைத்திருந்தது. அடுத்த நாள் இரத்மலானை விமான நிலையத்தில் விமானம் நிறுத்தும் ஹங்கருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சீமெந்துத் தரையில் ஆயிரக்கணக்கான சனம். அம்மா ஒரு சேலையை விரித்து அதுதான் நம் இடம் என்றா. எனக்கு விமானங்கள் மேல் அதற்கு முன்னமே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வேலிக்கு வெளியே கூட்டிவந்து காட்டுவார். உள்ளே போகவேண்டும் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். உள்ளே போனது அப்படித்தான். பிறகு கப்பலில் காங்கேசன்துறை.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொழும்பில்தான் இருக்கிறேன். அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் வேறு வழியால் போவேன். கடற்கரையான், ஒரே ஒரு கேள்வி. அந்தப் பட்டறை விமான நிலையத்துக்கு உள்ளேயா வெளியேயா?

#13 கடற்கரையான்

அண்ணை, வெளியில. ஓடுபாதைக்கும் அதுக்கும் இடையில வீடுகளும் ஒரு வயலும் இருக்கு. ஹங்கர் தெரியாது. விமானம் இறங்கிற சத்தம் மட்டும் கேக்கும்.

வாறது எண்டால் நான் வெள்ளவத்தையில இருந்து வாகனத்தில வந்து ஏத்துறன். எந்த நேரத்திலயும் திரும்பிப் போகலாம், ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். வர மனமில்லை எண்டாலும் சரி.

#14 ரொறன்ரோ மாமா

தம்பி, நானும் அந்த ஹங்கரில இருந்தனான். எனக்கு அப்ப பத்தொன்பது. இதுவரைக்கும் இதைப் பற்றி ஓஷ்கோஷில கூட ஆரிட்டயும் சொன்னதில்லை.

#15 தெகிவளை அம்மா

மகள் கணக்கைப் போட்டுவிட்டாள், 33.2 என்கிறாள். அடுத்த மாதம் இருவரும் வருகிறோம். ஒன்பது வயசு அண்ணா, நீங்களும் வந்தால் நான் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வருவேன்.

#16 கடற்கரையான்

அடுத்த சந்திப்பு முடிஞ்சு இண்டைக்குத்தான் எழுத நேரம் கிடைச்சது.

இந்த முறை சுக்கான், வாலில நிமிர்ந்து நிண்டு விமானத்தை இடம்வலம் திருப்பிற பகுதி. புதுசாக் கட்டுறவை முதல்ல வாங்கிறது வால்சுக்கான் கிட்தான். சின்னது, ரெண்டு நாளில முடிக்கலாம், கை பிடிபடுதோ இல்லையோ எண்டு பெரிய காசு போட முன்னமே தெரிஞ்சிடும். அடுத்த விமானத்துக்கு எண்டு ஐயா ஒண்டு எடுப்பிச்சிருந்தார். எட்டுப் பேர் சேர்ந்து பங்கு போட்டுக் கட்டுற யோசினை. எஞ்சின், கருவிகள் எல்லாம் சேரக் கொழும்பில ஒரு நல்ல கார் விலையைத் தாண்டும், அதால பங்குதான் எங்களைப் போல ஆக்களுக்கு வழி.

லேத் தம்பி வந்து சுக்கானைத் தாங்கிற சட்டகத்தில ஒரு பிழை கண்டுபிடிச்சார். அரை மில்லிமீற்றர் முறுக்கு. ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தார், பிறகு தம்பியைக் கட்டிப் பிடிச்சார். அக்காவின்ர மகள் பிசிறு எடுக்கிற வேலையில இருந்து மத்தியானம் வரைக்கும் எழும்பேல்ல.

அண்ணையும் வந்தவர். வழியில ஒண்டும் கதைக்கேல்ல, நானும் கேக்கேல்ல. முதல் ஒரு மணித்தியாலம் வாசல் கதிரையில இருந்தவர். ஒரு செஸ்னா இறங்கிற சத்தம் கேட்டதும் எழும்பி வெளியில போய் அண்ணாந்து பாத்தார். திரும்பி உள்ள வந்து, "தம்பி, அந்தத் துப்பாக்கியை இஞ்ச தாரும்" எண்டார். சுக்கானில கீழ இருந்து மூண்டாவது விலா முழுக்க அவர் போட்டது. ஒண்டும் கழட்ட வேண்டி வரேல்ல. கட்டுற ஒவ்வொரு படியையும் படம் எடுத்துப் பதிவுப் புத்தகத்தில ஒட்டோணும், ஆர் கட்டினது எண்டதுக்கு அதுதான் ஆதாரம். அந்தப் பக்கத்தில அவற்ற கை இருக்கு.

அடுத்த முறை வாறவை மூடின சப்பாத்து போட்டு வாங்கோ, துளை போட்ட அலுமினியச் சுருள் நிலமெல்லாம் கிடக்கு. காதுக்கு அடைப்பான் பட்டறையில தருவினம். காலமை ஒன்பது மணி, இரத்மலானைச் சந்தியில நிண்டால் நான் ஏத்திக்கொண்டு போறன். என்ர வாகனத்தில மூண்டு பேருக்கு இடம் இருக்கு.